நாலு விரல் மேலே

என் மகளின் ஞானஸ்நானப் படம் ஒன்று ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. சாமியார் குழந்தையின் தலையில் தண்ணீர் ஊற்றுகிறார். குழந்தை வாயைப் பிளந்து அழுகிறது. ஞானத்தகப்பனாக நின்ற என் கணவரின் அண்ணன் மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பிள்ளை பெற்று இரண்டு வாரம்கூட ஆகாத முகமா இது என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். என் இடது கை முந்தானைக்குள் இருப்பதை யாரும் கவனிப்பதில்லை. அந்தக் கை அடிவயிற்றை அழுத்திப் பிடித்திருக்கிறது. கையை எடுத்தால் ஈரம் புடவையில் தெரிந்துவிடும் என்று எனக்குப் பயம்.

எனக்கு ஒரு நாள் முழுக்க வலி எடுத்து, அதற்குப் பிறகு ஆபரேஷன் செய்துதான் குழந்தையை எடுத்தார்கள். ஐந்தாம் நாள் ஒக்கலிபுரத்தில் அம்மா வீட்டுக்குப் போனேன். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீடு என்பது எல்லாருக்கும் உள்ள வழக்கம்தான். என் விஷயத்தில் அதற்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. அம்மா முப்பது வருடம் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். வேலையிலிருந்து நின்ற பிறகும் எங்கள் தெருவில் யாருக்குப் பிள்ளை பிறந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பிள்ளையைக் குளிப்பாட்டுவாள், தாய்க்கு வெந்நீர் ஊற்றுவாள், வயிறு கட்டுவாள். தமிழ் வீடு, கன்னட வீடு, துலுக்கர் வீடு என்று கணக்கே கிடையாது. நாற்பது நாள் முடிந்ததும் ஒரு ரவிக்கைத் துணியும் தட்டில் பழமும் வைத்துக் கொடுப்பார்கள். அந்தத் துணிகளை அம்மா தைத்துப் போட்டு நான் பார்த்ததில்லை. அடுக்கி வைத்து அவ்வப்போது எண்ணிப் பார்ப்பாள்.

வயிறு கட்டுவதில் அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. பழைய வெள்ளைக் காட்டன் புடவையை நீளவாக்கில் கிழித்து, கொதிக்கும் நீரில் அலசி, வெயிலில் காயவைத்து, டிரங்குப் பெட்டியில் மூட்டையாக வைத்திருப்பாள். தாயைப் படுக்கவைத்து, இடுப்புக்கடியில் துணியைக் கொடுத்து, இரண்டு பக்கமும் இழுத்து, நுனியைச் செருகிவிடுவாள். பின் குத்தமாட்டாள், மடியில் கிடக்கும் பிள்ளையைக் கீறிவிடும் என்று. ஆபரேஷன் ஆன வயிறாக இருந்தால், முதலில் கையை வைத்துத் தையலுக்கு மேலே நாலு விரல் அளந்துகொள்வாள். அதற்குக் கீழே துணி இறங்கவே கூடாது. "சுகப்பிரசவ வயிறு வேற, கத்தி பட்ட வயிறு வேற," என்பாள். எனக்கும் தினமும் காலையில் நாலு விரல் அளந்துதான் கட்டினாள். தையலின் மேல் ஆஸ்பத்திரியில் ஒட்டிய பிளாஸ்டர் இருந்தது. பதினைந்தாம் நாள் அவர்களே எடுப்பதாகச் சொல்லியிருந்ததால் அம்மா அதைத் தொடவில்லை.

ஒன்பதாம் நாள், ஒரு புதன்கிழமை, குளியலறையில் பாவாடையை அவிழ்த்தபோது பிளாஸ்டரின் ஓரத்தில் ஈரம் பார்த்தேன். மஞ்சளும் இளஞ்சிவப்புமாக ஒரு கசிவு. விரலால் தொட்டு முகர்ந்தேன். நல்ல வாடை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். கணவரின் அண்ணன் வளைகுடாவிலிருந்து அதற்காகவே விடுப்பில் வந்திருந்தார். திங்கட்கிழமை அவருக்கு விமானம். மதியச் சாப்பாட்டுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. இதையெல்லாம் நான் பிற்பாடு காரணமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். உண்மையான காரணம் வேறு. குழந்தையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்த மாமியார், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஆபரேஷன் என்றால் நோகாமல் பெற்றுக்கொள்வதுதானே என்று தன் தங்கையிடம் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், தூங்கவில்லை. அந்தக் குடும்பத்துக்கு முன்னால் மாதா கோயிலில் நிமிர்ந்து நின்று காட்டவேண்டும் என்று எனக்குள் ஒரு வீம்பு வந்து உட்கார்ந்துகொண்டது. நாலு நாள்தானே, தாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறவள். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளை என்ன பொய்யோடு வருகிறது என்று நடையைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று எனக்கொரு பெருமை. அத்தனை பிள்ளைகளிடமும் கற்றதையெல்லாம் அந்த நாலு நாளில் செலவழித்தேன். மாதவிடாய்ப் பேடைப் பாதியாக வெட்டிக் கசிவின் மேல் வைத்தேன். அது நழுவியது. அம்மா சமையலறைக்குப் போனதும் வயிற்றுக்கட்டைக் கீழே இழுத்து, பேடின் மேல் வருமாறு அழுத்திச் செருகிக்கொண்டேன். மறுநாள் காலையில் அவள் கட்ட வருமுன் பேடை எடுத்துச் சுருட்டி ஒளித்துவிட்டு, பாவாடையை ஏற்றிக் கட்டிக்கொண்டு படுத்திருப்பேன். அவள் நாலு விரல் அளந்து கட்டுவாள். அவள் போனதும் நான் நாலு விரலும் கீழே இறக்குவேன். வாடைக்கு, குழந்தையின் பவுடரை என் மேல் கொட்டிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து குழந்தையின் துணியை மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"இன்னாடி, ஏதோ ஒரு வாடை வருது."

"பாப்பா பால் கக்கிச்சும்மா."

அம்மா குழந்தையைத் தூக்கி, கழுத்து மடிப்பைத் துடைத்து, முகர்ந்து பார்த்தாள். பிறகு துணி மடிக்கப் போய்விட்டாள். என் அம்மா என்னைச் சந்தேகப்படவில்லை என்பது அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நின்றேன். நிமிர்ந்துதான் நின்றேன். சாப்பாட்டுப் பந்தியில் எல்லாரையும் விசாரித்தேன். மாமியார் தன் தங்கையிடம், பார் எப்படி நடமாடுகிறாள் என்று சொன்னது காதில் விழுந்தது. அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் அத்தனையும் செய்தேன், கிடைத்தபோது பிடித்துக்கொள்ள எனக்குத் தெம்பு இல்லை. ஒக்கலிபுரத்துக்குத் திரும்பும் வண்டியிலேயே குளிர் பிடித்து உடம்பு தூக்கிப் போட்டது. அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, வண்டியை அப்படியே ஆஸ்பத்திரிக்கு விடச் சொன்னாள். அங்கே போனதும் நான் முதலில் செய்த வேலை, கழிப்பறைக்குள் போய்ப் பேடை எடுத்துக் குப்பையில் போட்டது. காய்ச்சலிலும் புத்தி அவ்வளவு கூர்மையாக வேலை செய்தது.

பெண் டாக்டர் என் புடவையை விலக்கினார். வயிற்றுக்கட்டு பிளாஸ்டரோடு சேர்ந்து தையலின் மேலேயே ஊறிப்போய் ஒட்டிக்கிடந்தது. அதை உரித்து எடுத்தபோது அறையில் இருந்த இரண்டு நர்ஸ் பெண்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். யார் இதைக் கட்டியது என்று டாக்டர் கன்னடத்தில் கேட்டார். நான்தான் என்று அம்மா சொன்னாள். காயத்தின் மேலே ஈரத்துணியைக் கட்டி வைத்திருக்கிறீர்களே, இத்தனை நாள் வாடை வந்திருக்குமே, வீட்டில் ஒருவருக்குமா தெரியவில்லை என்று அவர் கேட்டுக்கொண்டே போனார். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்ததாக வேறு சேர்க்கைச் சீட்டில் எழுதியிருக்கிறீர்கள் என்றார். அம்மா அந்தத் துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேலேதான் கட்டினேன், எப்படி இறங்கியது என்று தெரியவில்லை என்றாள். பிறகு, கட்டு வழுக்கியிருக்கும், என் கைதான் தளர்ந்துபோயிற்று என்று தானே ஒரு முடிவுக்கு வந்து சொன்னாள்.

எத்தனை நாளாகக் கசிகிறது என்று டாக்டர் என்னைக் கேட்டார். இன்றைக்குத்தான் பார்த்தேன் என்றேன். அது ஒரு நாள் வேலை இல்லை என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அந்த அறையில் நான் பொய் சொல்கிறேன் என்று தெரியாதவள் அம்மா ஒருத்திதான்.

தையலில் பாதியைத் திறந்து சீழை எடுத்தார்கள். ஐந்து நாள் அங்கேயே வைத்திருந்து மருந்து ஏற்றினார்கள். திறந்த இடத்தை மறுபடி தைக்கவில்லை. உப்புநீரில் நனைத்த துணிப்பட்டையைத் தினமும் குழிக்குள் வைத்து அடைத்து, மறுநாள் எடுத்து, வேறு வைக்கவேண்டும். சதை அடியிலிருந்து ஏறி வரவேண்டும். மேல்தோல் முந்திக்கொண்டு மூடிவிட்டால் உள்ளே மறுபடி சீழ் கட்டும் என்றார்கள். எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு, ஆகிறபோது ஆகும் என்று பதில் வந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு, பக்கத்துக் கிளினிக்கிலிருந்து ஒரு நர்ஸ் பெண் தினமும் பத்து மணிக்கு வந்தாள். பழைய பட்டையை இழுக்கும்போது கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொள்வேன். குழியின் ஆழம் முதல் வாரம் அவளுடைய சுண்டுவிரலில் பாதி இருந்தது. நான் கண்ணாடி வைத்து ஒரே ஒரு தடவை பார்த்தேன். என் உடம்பில் அப்படி ஒரு இடம் இருக்கிறது என்பதை நம்ப முடியவில்லை. பால் கொடுக்கக் குழந்தையை மடியில் போட முடியாது, பக்கவாட்டில் படுத்துக்கொண்டுதான் கொடுக்கவேண்டும். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வேன். பகலெல்லாம் ரயில் சத்தம் கேட்டுக்கொண்டே கிடப்பேன்.

நர்ஸ் வந்ததும் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவாள். முப்பது வருடம் ரத்தத்தையும் சீழையும் துடைத்தவள், தன் மகளின் காயத்தைப் பார்க்கவில்லை. கூச்சமாக்கும் என்று முதலில் நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

மூன்றாவது வாரம் இரண்டு வீடு தள்ளியிருந்த அம்மாள் வந்தாள். அவள் மருமகளுக்கு அந்த வாரம்தான் பிள்ளை பிறந்திருந்தது. வயிறு கட்ட அம்மாதான் வரவேண்டும் என்று நான் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே சொல்லி வைத்திருந்தவள். இப்போது வாசலிலேயே நின்று, உங்களுக்கே வீட்டில் வேலை இருக்கும், சிரமமாக இருந்தால் வேண்டாம் என்று இழுத்தாள். சேதி தெருவுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. அம்மா, கை சரியில்லை, என்னால் ஆகாது என்றாள். அந்த அம்மாள் உடனே சரி என்றாள். அவ்வளவு வேகமாகச் சரி என்றிருக்கவேண்டாம். நான் உள்ளே கட்டிலில் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு அத்தனையையும் கேட்டேன். ஒரு குரல் கொடுத்தால் போதும். கொடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா டிரங்குப் பெட்டியிலிருந்து வெள்ளைத்துணி மூட்டையை எடுத்தாள். நீளமான ஒவ்வொரு துண்டையும் குறுக்கே கிழித்தாள். குழந்தைக்கு மூத்திரத்துணி பத்தவில்லை என்று சொன்னாள். துணி கிழிகிற சத்தம் வெகுநேரம் கேட்டது. எனக்கு அழுகை வந்தது. வலியா என்று அம்மா கேட்டாள், ஆமாம் என்றேன்.

இதுவரையும்கூட நான் தாங்கியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவ்வளவு கெட்டிக்காரி நான். அடுத்த வாரம் என் கணவர் வந்திருந்தபோது, பிள்ளையைக் குளிப்பாட்ட வேறு ஆள் பார்க்கும்படி அம்மா அவரிடம் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே, உங்களைவிட யார் என்றார். அம்மா சிரிக்கவில்லை.

"கை வழுக்குது தம்பி. மூக்கும் செத்துப்போச்சு. பெத்த பொண்ணு பக்கத்துலயே படுத்துக்கினு இருந்தேன், புண்ணு அழுகுனது தெரியல. பச்சப்பிள்ளைய வெச்சுக்கினு நான் ரிஸ்க் எடுக்க முடியாது."

அவர் என்னைப் பார்த்தார். நான் குழந்தையைப் பார்த்தேன். பிறந்த ஆறாம் நாளிலிருந்து தன் கால்களை நீட்டி அவற்றின் மேல் குழந்தையைப் போட்டுக் குளிப்பாட்டியவள் அம்மா. என் மகள் மற்றவர் கையில் அழுவாள், அந்தக் கால்களின் மேல் தூங்குவாள். திட்டு வாங்கியதால் அம்மா ஒதுங்கியிருக்கிறாள் என்றுதான் அதுவரை எண்ணியிருந்தேன். அவள் தன்னையே நம்பாமல் போயிருந்தாள். அதைச் செய்தது நான்.

அவர் கிளம்பிப்போன பிறகு சொன்னேன். எழுதி வைத்துப் படிப்பதுபோல வரிசையாகச் சொன்னேன். புதன்கிழமை, பேடு, நாலு விரல் கீழே இறக்கியது, பவுடர், ஆஸ்பத்திரிக் கழிப்பறை. அம்மா பால் புட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்தாள்.

"வாடை வருதுன்னு அன்னிக்கே கேட்டேன்."

"கேட்டம்மா."

"பால் வாடைன்ன."

"ஆமா."

"அப்போ நெசமாவே வந்துது."

அம்மா கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். கோபம் வருவதற்கு அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. வந்தபோது கத்தவில்லை. நாலு நாளா என்று கேட்டாள். நாலு நாள் என்றேன். உடம்பு முழுக்க விஷம் ஏறியிருந்தால் இந்தப் பிள்ளையை யார் வளர்ப்பது என்று கேட்டாள். டாக்டர் திட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குத்தான் நான் மன்னிப்பைத் தயாராக வைத்திருந்தேன்.

அந்த ராத்திரியும் மறுநாள் காலையும் அம்மா தட்டில் சோறு வைத்துவிட்டுப் போனாள். நர்ஸ் வந்து போன பிறகு வந்து நின்றாள்.

"என்கிட்ட சொல்லி இன்னா ஆவுது. அந்த வூட்டுல போய்ச் சொல்லு."

புடவை கட்ட முடியாது. நைட்டியின் மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வீடு தள்ளிப் போனேன். ஆபரேஷனுக்குப் பிறகு தெருவில் தனியாக நடந்தது அதுதான் முதல் தடவை. கோயிலில் நிமிர்ந்து நின்றவள் கூன் போட்டுக்கொண்டு போனேன். அந்த அம்மாள் பதறிப்போய் நாற்காலி போட்டாள். மருமகள் உள்ளே கட்டிலில் இருந்தாள்; இடுப்பில், மருந்துக்கடையில் வாங்கிய பெல்ட். கட்டைக் கீழே இறக்கியது நான்தான், அம்மா சரியாகத்தான் கட்டினாள் என்று இருவருக்கும் கேட்கும்படி சொன்னேன். அந்த அம்மாள் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள். முன்னாடியே சொல்லியிருந்தால் அவரையே கூப்பிட்டிருப்போமே என்றாள். இப்போதும் கூப்பிடலாமே என்று கேட்க நினைத்தேன். பெல்ட் நன்றாக இருக்கிறது என்று மருமகள் சொன்னாள். காப்பி குடித்துவிட்டுத் திரும்பினேன்.

அம்மா வாசலில் நின்றிருந்தாள். என்ன சொன்னார்கள் என்று கேட்டாள். சொன்னதைச் சொன்னேன், பெல்ட்டையும் விடாமல். சரி என்றாள். என் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ப் படுக்கவைத்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்து, நைட்டியை விலக்கினாள். அத்தனை வாரத்தில் அவள் அந்த இடத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். நர்ஸ் ஒட்டிய பிளாஸ்டரை ஒரு பக்கம் மெதுவாகத் தூக்கினாள். குனிந்து, மூக்கைப் பக்கத்தில் கொண்டுபோய், மூச்சை இழுத்தாள். தலையைத் திருப்பி வெளிக்காற்றை ஒரு தடவை இழுத்துவிட்டு, மறுபடி குனிந்து முகர்ந்தாள்.

"சுத்தமா இருக்குது," என்றாள்.

பிறகு காயத்தின் ஓரமாகச் சுற்றிலும் விரலால் அழுத்திக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் நிறுத்தினாள்.

"வலிக்குதா?"

"இல்லம்மா." வாய் தன் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

அம்மா விரலை எடுக்கவில்லை. தலையை மட்டும் தூக்கி என் முகத்தைப் பார்த்தாள்.

"வலிக்குதும்மா," என்றேன்.